கதகதப்பான சென்ட்: ஆம்பரா, மரமா, இனிப்பா?

கேள்வி கேட்ட சகோதரி எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவருக்கு எலுமிச்சை, ரோஜா மாதிரியான சென்ட் பிடிக்காது. கதகதப்பான வாசனைதான் பிடிக்கும். மதுரை டவுன் ஹால் ரோடு பக்கம் ஒரு கடையில் கேட்டதற்கு ஆம்பர், ஓரியன்டல், வுட்டி, கூர்மாண்ட் என்று நாலைந்து பெயர்களை அடுக்கிவிட்டு, "எல்லாம் வார்ம்தான் மேடம், எதை வேணாலும் எடுங்க" என்றிருக்கிறார்கள். அதற்கு முன்பு ஆன்லைனில் விமர்சனம் படித்து ஒரு வெனிலா பெர்ஃப்யூம் வாங்கியிருக்கிறார். சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு திருநகரில் பஸ் ஏறியவருக்கு கோரிப்பாளையம் வருவதற்குள் தலைவலி. ஆவணியில் தங்கை கல்யாணம். தலையில் மல்லிகை கட்டாயம் இருக்கும். கல்யாணத்துக்கும் அலுவலகத்துக்கும் ஆகிற மாதிரி ஒன்று வேண்டும், இந்தப் பெயர்களுக்குள் என்ன வித்தியாசம் என்று கேட்கிறார்.

பெயர்களுக்கு அர்த்தம் சொல்வது இரண்டு நிமிட வேலை. ஆனால் அர்த்தம் தெரிந்தாலும் அவருடைய சிக்கல் தீராது. பிடித்த கதகதப்பை இந்த ஊர் வெயிலில், கூட்டமான பஸ்ஸில், பூ வைத்த தலையோடு எப்படிப் போட்டுக்கொள்வது என்பதுதான் அவர் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். நான் வேதியியல் படித்தவன். ஊதுபத்திக்கும் சோப்புக்கும் வாசனைக் கலவை தயாரிக்கும் இடத்தில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது மதுரையிலேயே அத்தர், சென்ட் வியாபாரம் செய்கிறேன். மருத்துவன் இல்லை. தலைவலி, தோல் அரிப்பு பற்றிச் சொல்வதெல்லாம் தொழிலில் தெரிந்துகொண்ட அளவுக்குத்தான்.

முதலில் இந்த வாசனைக் குடும்பங்களின் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்துவிடலாம். இன்றைக்குக் கடைகளில் சொல்கிற பிரிவுகளில் பெரும்பாலானவை மைக்கேல் எட்வர்ட்ஸ் என்பவர் 1992-ல் வரைந்த வாசனைச் சக்கரத்தை ஒட்டியவை. அதில் பெரிய பிரிவுகள் நான்கு: பூ, ஆம்பர், மரம், புத்துணர்ச்சி. ஆம்பர் என்று இப்போது சொல்வதைத்தான் முன்பு ஓரியன்டல் என்றார்கள். கீழை நாட்டுக்காரர்களை ஒரே மூட்டையில் கட்டுகிற சொல் என்று ஆட்சேபம் வந்ததால் 2021 வாக்கில் அந்தச் சக்கரத்திலும் பெயரை மாற்றினார்கள். அதனால் பழைய பாட்டிலில் ஓரியன்டல் என்றும் புதிய பாட்டிலில் ஆம்பர் என்றும் இருந்தால் குழம்ப வேண்டாம், ஒன்றுதான். இதெல்லாம் அலமாரியில் அடுக்கி வைப்பதற்கான வசதி. சட்டமோ விஞ்ஞான வரையறையோ கிடையாது. ஒரே பாட்டிலை ஒரு கம்பெனி மரம் என்று சொல்லும், இன்னொரு இணையதளம் ஆம்பர் என்று போடும். இரண்டும் தப்பில்லை.

நம் நாட்டு அத்தர் வியாபாரத்தில் இதைவிடப் பழைய பிரிவு ஒன்று இருக்கிறது: சூடு, குளிர்ச்சி. ரோஜா, தாழம்பூ, வெட்டிவேர், மண் அத்தர் எல்லாம் குளிர்ச்சி, வெயில் காலத்துக்கு. ஹினா, ஷமாமா, அம்பர், கஸ்தூரி, குங்குமப்பூ எல்லாம் சூடு, பனிக் காலத்துக்கு. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் அத்தர் காய்ச்சுகிறவர்கள் இன்றைக்கும் இப்படித்தான் பேசுகிறார்கள். இந்த வாசனைகளைப் பூசினால் உடம்புச் சூடு கூடும் அல்லது குறையும் என்று நான் சொல்ல மாட்டேன், அதற்குச் சான்று எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் எந்த வாசனை எந்தப் பருவத்தில் தாங்கும் என்பதற்கு இந்தப் பிரிவு மிக நல்ல வழிகாட்டி. உங்களுக்கு மேற்கத்தியச் சக்கரத்தைவிட இதுதான் அதிகம் உதவும்.

சரி, கதகதப்பு என்று நீங்கள் சொல்வது நான்கு இடங்களிலிருந்து வரலாம்: பிசின், மரம், மசாலா, இனிப்பு. எந்தக் கடைக்குப் போனாலும் மூக்கில் வைத்துப் பார்க்கும்போது "இந்தக் கதகதப்பு எதிலிருந்து வருகிறது" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தெளியும்.

பிசின் வகைதான் ஆம்பர். பெயரைப் பார்த்துத் திமிங்கலத்திலிருந்து கிடைக்கும் அம்பர் என்று பலர் நினைக்கிறார்கள், மாலையில் கோக்கும் மஞ்சள் ஆம்பர் கல் என்றும் நினைக்கிறார்கள். சென்ட் பாட்டிலில் ஆம்பர் என்றால் இரண்டும் இல்லை, அது ஒரு கலவை. சிஸ்டஸ் என்ற மத்தியதரைக் கடல் பகுதிச் செடியின் பிசினான லாப்டனம், நம்முடைய சாம்பிராணி, வெனிலா ஆகிய மூன்றும்தான் அதன் அடிப்படை. 1925-ல் கெர்லான் நிறுவனம் வெளியிட்ட ஷாலிமார் என்ற சென்ட் இந்தக் குடும்பத்துக்கு இன்றைக்கும் அளவுகோலாக இருக்கிறது. (திமிங்கல அம்பரைப் பற்றி ஒரு வார்த்தை: இந்தியாவில் அதை வைத்திருப்பதும் விற்பதும் 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யாராவது ரகசியமாக "ஒரிஜினல் அம்பர்" என்று காட்டினால் அந்தப் பக்கமே போகாதீர்கள். இன்றைய சென்ட்களில் அந்த வாசனையைத் தருவது அம்ப்ராக்ஸான் என்ற பொருள். கிளாரி சேஜ் என்ற செடியிலிருந்து எடுக்கும் மூலப்பொருளை வைத்து ஆய்வுக்கூட முறையில் செய்கிறார்கள்.)

ஆம்பர் எப்படி இருக்கும் என்று அறிய பெரிய கடைக்குப் போக வேண்டியதில்லை. நாட்டு மருந்துக் கடையில் நல்ல சாம்பிராணிக் கட்டியாகக் கேட்டு வாங்குங்கள். கம்ப்யூட்டர் சாம்பிராணி வேண்டாம், அதில் கரித்தூளும் வேறு வாசனையும் கலந்திருக்கும். கட்டியை உடைத்தால் பழுப்புப் பிசினுக்கு நடுவே வெள்ளையாகப் பாதாம் பருப்பு மாதிரித் துண்டுகள் தெரியும். அந்த வெள்ளைத் துண்டு ஒன்றை நெருப்பில் போடாமல், உள்ளங்கையில் வைத்துக் கட்டை விரலால் நன்றாகத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். மெல்லிய இனிப்பு வரும், கூடவே லேசான மருந்து நெடி, அடியில் வெனிலாவின் சாயல். இதுதான் ஆம்பர் சென்ட்டின் அடித்தளம். பிறகு அதே துண்டைத் தணலில் போடுங்கள். கண்ணைக் கரிக்கிற கூர்மையான புகை வரும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் அடிக்கிற வாசனை அது. சென்ட் உலகில் புகை வாசனை தனிச் சரக்கு, குந்திருக்கம் என்ற பிசின் சேர்ந்தவை அந்தப் பக்கம் போகும். உங்களுக்குத் தேய்த்த சாம்பிராணி பிடித்ததா, எரிந்த சாம்பிராணி பிடித்ததா என்பதை வைத்தே இனிப்பு ஆம்பரா, புகை ஆம்பரா என்று முடிவு செய்துவிடலாம். நம் கடைகளுக்கு வரும் சாம்பிராணி பெரும்பாலும் சுமத்ரா வகை. தாய்லாந்து, லாவோஸ் பக்கத்திலிருந்து வரும் சயாம் வகையில் வெனிலா வாசனை இன்னும் தூக்கலாக இருக்கும், உயர்ந்த சென்ட்களில் அதைத்தான் விரும்பிச் சேர்ப்பார்கள்.

மர வகைக்கு நாம் புதியவர்கள் இல்லை. சந்தனம்தான் அதற்குத் தலை. சந்தனத்தின் வாசனைக்குக் காரணம் சாண்டலால் என்ற, இரண்டு வகையாக உள்ள பொருள். அது மிக மெதுவாக ஆவியாகும், அதனால்தான் காலையில் பூசினது சாயங்காலமும் தெரிகிறது. சந்தனத்தின் கதகதப்பு பால் காய்ச்சும்போது எழும் மணம் மாதிரி மிருதுவானது. சிடார் அதற்கு எதிர், பென்சில் சீவும்போது வரும் உலர்ந்த வாசனை. அகில், அதாவது ஊத், இன்னொரு கோடி: பூஞ்சை தாக்கிய மரம் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கிற பிசின்தான் அந்த வாசனை. கனமானது, கொஞ்சம் மிருக வாடையும் உண்டு, பழகாதவர்களுக்கு முதல் தடவையில் பிடிக்காது. உண்மையான அகில் எண்ணெய் தங்கத்தோடு போட்டி போடும் விலை. மர வகைகளையே பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற "ஊத்" பாட்டிலில் இருப்பது ரசாயனக் கலவைதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சந்தனத்துக்கும் அப்படியே: ஜாவனால், சாண்டலோர் போன்ற செயற்கைப் பொருட்கள் இல்லாமல் இன்றைக்கு உலகத்தில் சந்தன சென்ட் வியாபாரமே இல்லை. இயற்கை என்றால் உசத்தி, செயற்கை என்றால் விஷம் என்று பேசுகிறவர்களிடம் நான் எப்போதும் மாறுபடுகிறேன். கிராம்பு எண்ணெய் இயற்கைதான், தோலில் நேராகப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

வெட்டிவேரை மேற்கத்தியச் சக்கரம் மரத்தோடு சேர்க்கிறது. அத்தர்காரர் குளிர்ச்சியில் வைப்பார். பானைத் தண்ணீரில் வெட்டிவேர் போட்டுக் குடித்து வளர்ந்த நமக்கு அத்தர்காரர் சொல்வதுதான் சரியென்று படும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பாட்டிலில் வுட்டி என்று போட்டிருந்தாலே கதகதப்பு வந்துவிடாது. வெட்டிவேரும் சிடாரும் முன்னால் நின்றால் அது உலர்ந்த, குளிர்ந்த மரம். சந்தனமும் அகிலும் முன்னால் நின்றால் கதகதப்பான மரம்.

மசாலாவிலும் இதே பிரிவு உண்டு. போடியிலிருந்து வரும் ஏலக்காயை நசுக்கி முகர்ந்தால் மூக்கு திறந்துகொள்ளும். யூகலிப்டஸ் தைலத்தில் இருக்கும் சினியோல் ஏலக்காயிலும் நிறைய இருப்பதால் அது குளிர்ச்சியான மசாலா. கிராம்பும் பட்டையும்தான் சூடு. கிராம்பில் யூஜினால், பட்டையில் சின்னமால்டிஹைடு. 1977-ல் வந்த ஓபியம் என்ற பெர்ஃப்யூம் மசாலா ஆம்பரைப் பெரிய அளவில் பரப்பியது. நம் பக்கம் ஷமாமா அத்தர் இந்த வகையில் அருமையான சரக்கு. பல மூலிகைகளையும் மசாலாக்களையும் சேர்த்து நாள் கணக்கில் காய்ச்சி எடுப்பது, ஒரு துளி போதும். ஆனால் மசாலா வகைக்கு நம் ஊரில் ஒரு சங்கடம் இருக்கிறது. பட்டை, கிராம்பு வாசனை இங்கே எல்லோருக்கும் சமையலை ஞாபகப்படுத்தும். பிரான்சில் கிராம்பு சென்ட் போட்டால் பனிக்காலம் நினைவுக்கு வரலாம், இங்கே பகல் பன்னிரண்டு மணிக்குப் பக்கத்து மேஜைக்காரருக்குப் பிரியாணிதான் நினைவுக்கு வரும். அலுவலகத்துக்கு இதை நான் சிபாரிசு செய்வதில்லை. தோலுக்கும் இந்த இரண்டு பொருட்களும் சிலருக்கு ஒவ்வாது. முழங்கை மடிப்பில் ஒரு துளி வைத்து ஒரு நாள் பொறுத்திருந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். தடிப்பு வந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள், கடைக்காரரைக் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

இனிப்பு வகைதான் கூர்மாண்ட். நீங்கள் ஆன்லைனில் வாங்கியது பெயரைப் பார்த்தால் இந்த வகை. இது நான்கிலும் இளையது. 1992-ல் தியரி முக்லர் வெளியிட்ட ஏஞ்சல் என்ற சென்ட் இதைத் தொடங்கிவைத்தது. பஞ்சுமிட்டாய் வாசனை தருகிற எத்தில் மால்டாலை நிறையப் போட்டு, அது திகட்டாமல் இருக்கப் பச்சௌலி என்ற செடியின் மண் வாசனையைக் கீழே முட்டுக் கொடுத்தார்கள். பின்னால் வந்தவற்றில் பல அந்தப் பச்சௌலியை எடுத்துவிட்டு இனிப்பை மட்டும் வைத்துக்கொண்டன. வெனிலாவின் உயிர் வெனிலின். 1874-லேயே ஜெர்மனியில் செயற்கையாகச் செய்துவிட்டார்கள், அதனால் மலிவு. உங்களுக்கு வெனிலாவின் இனிப்புப் பிடித்து, அதன் திகட்டல் பிடிக்கவில்லை என்றால் நன்னாரி வேரை முகர்ந்து பாருங்கள். நன்னாரியின் மணத்துக்குக் காரணமான பொருள் வெனிலினின் உடன்பிறப்பு. அணுக்கள் எல்லாம் அதே, எண்ணிக்கையும் அதே, இரண்டு தொகுதிகள் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். அந்த இட மாற்றத்தில் இனிப்போடு வேரின் மண் வாசனையும் சேர்ந்துகொள்கிறது. ஜிகர்தண்டா குடிக்கும்போது பாலுக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவே அந்த நன்னாரி வருகிற இடத்தைக் கவனித்தீர்கள் என்றால், உலர்ந்த இனிப்புக்கும் ஈரமான இனிப்புக்கும் வித்தியாசம் நாக்கிலேயே தெரியும். சென்ட்டில் டோங்கா விதை இந்த உலர்ந்த இனிப்பைத் தரும். அதிலிருப்பது கூமரின், காய்ந்த வைக்கோல் வாசனை. டோங்கா என்று எழுதியிருந்தால் துணிந்து முகர்ந்து பாருங்கள், காரமெல், ப்ரலைன் என்று எழுதியிருந்தால் யோசியுங்கள்.

லெதர் என்கிற பதனிட்ட தோல், புகையிலை வாசனை என்று இன்னும் இரண்டு சொல்வார்கள். அவை ஆம்பருக்கும் மரத்துக்கும் பக்கத்து வீடுகள். உங்கள் கேள்விக்கு இப்போது அவை தேவையில்லை.

இனி வெயில். இங்கே சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம் ஒன்று: சூடு கூடினால் ஆவியாவதும் கூடும். கதகதப்பான குடும்பங்கள் எல்லாமே கனமான, மெதுவாக ஆவியாகும் பொருட்களால் ஆனவை. அவை பிறந்த ஊர்களில் பத்து டிகிரி குளிரில், கோட்டுக்கு உள்ளே, உடம்புச் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பும்படி அளந்து கலந்திருக்கிறார்கள். மதுரையில் மே மாதம் நாற்பது டிகிரியைத் தொடுகிறது. அங்கே நாலு ஸ்ப்ரே என்று விமர்சகர் சொன்னால் இங்கே ஒன்று, மிஞ்சினால் இரண்டு. நீங்கள் பார்த்த விமர்சனம் எந்த ஊர்க்காரர் எந்த மாதத்தில் எழுதியது என்று பார்த்தீர்களா? அதைப் பார்க்காமல் "பத்து மணி நேரம் நிற்கிறது, அறை முழுக்கப் பரவுகிறது" என்பதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டால் பஸ்ஸில் அதுவே தண்டனையாகிவிடும்.

தலைவலிக்கு வெனிலாதான் காரணமா என்றால், அதை உறுதியாகச் சொல்ல முடியாது. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குக் கடுமையான வாசனை வலியைத் தூண்டும் என்பது மருத்துவர்கள் ஒப்புக்கொண்டது. ஆனால் பஸ்ஸில் வெயில், டீசல் புகை, வெறும் வயிறு, தண்ணீர் குடிக்காதது எல்லாம் சேர்ந்திருக்கும். அளவைக் குறைத்துப் போட்டும் வலி வந்தால்தான் அந்த வாசனையைச் சந்தேகப்பட வேண்டும். அந்த பாட்டிலைத் தூக்கி எறியாதீர்கள். மார்கழி, தை மாத ராத்திரிகளில், வெளியே கிளம்பும்போது முழங்கால் பின்புறம் ஒரு ஸ்ப்ரே போட்டுப் பாருங்கள். மூக்கிலிருந்து தள்ளி இருப்பதால் அடிக்காது, நடக்கும்போது மட்டும் லேசாக எழும்பும். அப்போதும் ஒத்துவரவில்லை என்றால் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

"ஒரே சென்ட் ஒவ்வொருவர் தோலிலும் வேற மாதிரி மாறும்" என்று கடைகளில் சொல்வதில் பாதி உண்மை, பாதி வியாபாரம். எண்ணெய்ப்பசை உள்ள தோலில் வாசனை நிற்கும், உலர்ந்த தோலில் சீக்கிரம் போய்விடும் என்பதைத் தினமும் பார்க்கிறேன். குளித்ததும் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிய இடத்தில் போட்டால் நிற்பதும் தெரிகிறது. தோலின் அமிலத்தன்மையால் ரோஜா சந்தனமாகிவிடும் என்கிற அளவுக்குப் பேசுவதை நான் ஏற்பதில்லை. நம் மாலைகளில் கட்டுகிற மரிக்கொழுந்தின் எண்ணெய்க்கு, ஆளுக்கு ஆள் வேறு வாசனை தரும் என்ற பெயர் சென்ட் உலகில் நெடுநாளாக உண்டு. எனக்கும் அது கொஞ்சம் உண்மை என்றே படுகிறது. ஆனால் போட்டுக்கொண்டவரின் தோல் மாறுகிறதா, முகர்கிறவரின் மூக்கு மாறுகிறதா என்று பிரித்துச் சொல்வது கடினம். மூக்கு மாறும் என்பது மட்டும் நிச்சயம். கஸ்தூரி வாசனைக்காகச் சேர்க்கும் சில செயற்கைப் பொருட்களைச் சிலரால் அறவே உணர முடியாது. "இதுல வாசனையே இல்லையேண்ணே" என்று ஒருவர் திருப்பிக் கொடுப்பார், பக்கத்தில் நிற்பவர் "தூக்கலா இருக்கே" என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. அதனால் உங்கள் சென்ட் எவ்வளவு வீசுகிறது என்று உங்கள் மூக்கை நம்பாமல், வீட்டில் ஒருவரைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

இப்போது மல்லிகை. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, எனக்கு இதுதான் முக்கியம். தலையில் இரண்டு முழம் மதுரை மல்லி வைத்தால் அன்றைக்கு உங்கள் சென்ட் அதுதான். வேறு எதைப் போட்டாலும் அதற்குத் துணைதான். சாயங்காலம் மொட்டாக வைத்தது ராத்திரி விரியும்போது, இனிப்போடு இன்டோல் என்ற பொருளின் கனத்த, கொஞ்சம் அழுகலை ஒட்டிய வாசனையும் வெளிவரும். மல்லிக்கு உயிர் கொடுப்பதே அதுதான். இதன் மேல் பஞ்சுமிட்டாய் சென்ட் போட்டால் இரண்டு இனிப்பும் மோதிக்கொண்டு மண்டபத்தின் புழுக்கத்தில் மூச்சு முட்டும். மசாலா ஆம்பர் மல்லியை அமுக்கப் பார்க்கும், ஆனால் முடியாது. சந்தனம் மட்டும் மல்லியோடு சண்டை போடுவதில்லை, அடியில் தாங்கிக்கொள்ளும். மண்டப வாசலில் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்பும் வைத்து, உள்ளே வருகிறவர்கள் எல்லாம் தலையில் பூவோடு வருகிற நம் வழக்கத்தில் இந்தச் சேர்க்கை ஏற்கனவே தேர்வாகிவிட்டது. அதை மீறாமல் அதன் மேல் கட்டுவதே புத்திசாலித்தனம்.

ஆக, உங்களுக்கு என் சிபாரிசு: ஒரே பாட்டில்தான் என்றால் சந்தனம் முன்னிற்கும் மர ஆம்பர். அதாவது மரத்தின் உடம்பும், மேலே கொஞ்சம் பிசினின் இனிப்பும், வெனிலா குறைவாகவும் இருப்பது. அலுவலகத்துக்கு ஒரு ஸ்ப்ரே, சட்டைக்குள் படும்படி நெஞ்சில் போதும். காலை முகூர்த்தத்துக்கும் அதே ஒன்று, ஏனென்றால் ஓமப் புகையும் மல்லியும் சந்தனமும் ஏற்கனவே இருக்கும். மாலை வரவேற்புக்கு இரண்டு. பணம் கொஞ்சம் மிச்சம் இருந்தால் சின்னக் குப்பியில் நல்ல ஆம்பர் அத்தர் ஒன்று வாங்கி, வரவேற்பு அன்று மணிக்கட்டில் மட்டும் தொட்டுக்கொள்ளுங்கள். அத்தரில் ஆல்கஹால் இல்லாததால் பாய்ந்து பரவாது, பக்கத்தில் வந்தவருக்கு மட்டும் தெரியும். நெரிசலான பஸ்ஸுக்கும் அத்தரே நல்லது. சந்தன எண்ணெயில் காய்ச்சி இறக்கியது என்று சொல்லிக் குறைந்த விலைக்குக் கொடுத்தால் நம்ப வேண்டாம். அந்த விலைக்குப் பாரஃபின் எண்ணெயோ வேறு கரைப்பானோதான் அடியில் இருக்கும். வாசனை பிடித்திருந்தால் அதுவும் பரவாயில்லை, சந்தன விலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

பாட்டிலின் மேல் எழுதியிருக்கும் நோட்ஸ், அதாவது இன்னின்ன வாசனை வரும் என்கிற பட்டியல், விளம்பரம், உள்ளே இருக்கும் பொருள் பட்டியல் அல்ல. காஷ்மீர் குங்குமப்பூ என்று எழுதியிருப்பதால் குங்குமப்பூ இருக்கும் என்று அர்த்தமில்லை. ஆனால் கலந்தவர் எந்தப் பக்கம் போக நினைத்தார் என்று அதில் தெரியும், அந்த அளவுக்கு உபயோகம். ஓ டி பர்ஃபம், ஓ டி டாய்லெட் என்பவை பொதுவாக அடர்த்தியைச் சொல்பவை. முன்னது 15 முதல் 20 சதவீதம் வரை, பின்னது அதைவிடக் குறைவு என்பது வழக்கம், ஆனால் கட்டாயம் எதுவும் இல்லை. நம் வெயிலுக்குக் கதகதப்பான வகையில் டாய்லெட் அடர்த்தியே போதும் என்பது என் அபிப்பிராயம். கடைக்காரர்கள் பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், விலை வித்தியாசம் அப்படி.

கடைக்குப் போகும்போது சாப்பிட்டுவிட்டு, வேறு சென்ட் எதுவும் போடாமல், பூவும் வைக்காமல் போங்கள். ஏசிக்குள் பேப்பர் துண்டில் அடித்துக் காட்டுவதை வைத்துத் தள்ளிவிடலாமே தவிர, வாங்க முடிவு செய்யக் கூடாது. பேப்பரில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் இரண்டைக் கைக்கு ஒன்றாக முழங்கை மடிப்பில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். மாசி வீதியில் அரை மணி நேரம் வெயிலில் நடந்து, மற்ற வேலைகளைப் பாருங்கள். முதல் கால் மணி நேரத்தில் வருகிற எலுமிச்சையும் மிளகும் போய்விடும். கடை விற்பது அந்தக் கால் மணி நேரத்தை. நீங்கள் வாழப் போவது அதற்குப் பின்னால் வருகிற ஏழெட்டு மணி நேரத்தோடு. சாயங்காலம் வியர்த்த பிறகும் எந்தக் கையை மறுபடி முகர்ந்து பார்க்கத் தோன்றுகிறதோ, அதை மறுநாள் போய் வாங்குங்கள். நடுவில் மூக்கு மரத்துப்போனால் காபிக் கொட்டையை நீட்டுவார்கள். அதற்கு விசேஷ சக்தி எதுவும் கிடையாது, வெளிக்காற்றோ உங்கள் சேலைத் தலைப்போ போதும்.

கல்யாணத்துக்குப் பட்டு கட்டுவீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சென்ட்டைத் தோலில் போட்டு, காய்ந்த பிறகு சேலை கட்டுங்கள். வெனிலினும் பிசின்களும் நாளாக ஆகப் பழுப்பேறும் பொருட்கள். பட்டில் பட்டால் கறை நிற்கும், வெளிர் நிறச் சுங்குடியிலும் வீட்டுக்காரர் வேட்டியிலும் இன்னும் பளிச்சென்று தெரியும். பாட்டிலுக்குள்ளேயே சென்ட் கொஞ்சம் கறுத்தால் பயப்பட வேண்டாம், ஆம்பரும் வெனிலாவும் அப்படித்தான். வாசனை புளித்திருந்தால் மட்டும் கெட்டுவிட்டது என்று அர்த்தம். ஜன்னல் ஓரத்திலும் குளியலறையிலும் வண்டிப் பெட்டிக்குள்ளும் வைக்காமல், வாங்கின அட்டைப் பெட்டியோடு பீரோவின் கீழ்த்தட்டில் வைத்தால் நம் ஊர் வெயிலிலும் சில வருடம் நன்றாக இருக்கும்.